பொய் வளையம்

எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்துவிட்டு வந்து நின்ற லிடியாவுக்கு அடுத்தது என்னவென்று சொல்ல வீட்டில் ஆளில்லை. களமருதூரில் அவள் அம்மா தெரசா நாற்று நடப் போவாள். அப்பா மார்ட்டின் கரும்பு வெட்டப் போய், ஒரு ஆலைப் பருவத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயலிலேயே உட்கார்ந்தவர்தான், எழவில்லை. அவர் இருந்தவரை மகளைப் பற்றி யார் கேட்டாலும் "அது படிச்சுக்கினு இருக்குது" என்பார். அந்தப் பதிலை மாற்ற மனம் வராமலோ என்னவோ, லிடியா மேலும் படிக்கப் போனாள்.

பேராசிரியர் தமிழரசன் அவளுக்கு வழிகாட்டியாக அமைந்தார். கல்வராயன் மலைத் தேக்கைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்று வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருந்தது. அந்த மலைத் தேக்கு வருஷத்துக்கு ஒரு வளையம் தவறாமல் போடுகிறது. ஆகவே கிழட்டு மரங்களின் வளையங்களை எண்ணி, நூற்றைம்பது வருஷத்து மழையைப் பின்னோக்கிப் படித்துவிடலாம் என்பது அதன் சாரம். அவருடைய பேரும் புகழும் அந்தக் கட்டுரையின் மேல்தான் நின்றன. இன்னும் கொஞ்சம் மரங்களைச் சேர்த்து அதை உறுதிப்படுத்துவது லிடியாவின் வேலை.

வேலை அவளுக்குப் பிடித்துப் போயிற்று. மரம் பட்டைக்கு அடியில்தான் பெருக்கிறது என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தாளே தவிர, கண்ணால் பார்த்தபோதுதான் அது புரிந்தது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமான மெல்லிய தோல் ஒன்று மரத்தைச் சுற்றி ஓடுகிறது. அதன் செல்கள் பிளந்துகொண்டே இருக்கும். உட்புறம் விழுபவை கட்டையாகும், வெளிப்புறம் விழுபவை பட்டையாகும். மாசி பங்குனியில் தேக்கு இலை கொட்டி மொட்டையாக நிற்கையில் அந்தத் தோலும் வேலையை நிறுத்திவிடும். வைகாசி ஆனியில் மழை விழுந்ததும் துளிர் வரும். தண்ணீர் ஏற்றப் பெரிய பெரிய குழாய்கள் தேவைப்படும். ஆகவே பருவத்தின் தொடக்கத்தில் உண்டாகும் கட்டையில் ஊசியால் குத்தியது போல் பெரிய துளைகள் இருக்கும். போகப் போகத் துளைகள் சிறுத்து, கட்டை இறுகி, தை மாதத்தில் வளர்ச்சி நின்றுவிடும். அந்த இறுக்கத்தை ஒட்டி மறுவருஷத்துப் பெரிய துளைகள் வரிசை கட்டும் இடம் ஒரு கோடாகத் தெரியும். அதுதான் வளையம். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. துளைப்பானைத் திருகிப் பென்சில் கனத்துக்கு ஒரு குச்சியை உருவி எடுத்து, தேய்த்துப் பளபளப்பாக்கினால் கோடுகளை எண்ணிவிடலாம்.

வெள்ளிமலையில் துளைப்பானைத் தூக்கிக்கொண்டு வழிகாட்ட வந்தவர் சின்னதுரை. அவளைவிட எட்டு வயது மூத்தவர், மலையிலேயே பிறந்தவர். முதல் நாள் "மேடம்" என்றார். மறுநாள் அட்டை ஏறிய காலைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் அது "தங்கச்சி" ஆகிவிட்டது.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வரிசையாக நின்ற தேக்குகளைக் காட்டி, "இதுல எடு தங்கச்சி. இதுங்க வயசு எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படிண்ணா?"

"நான் அஞ்சாவது படிக்கசொல்ல நட்டதுங்க. தொண்ணூறாம் வருசம். ஆளுக்கு ஒரு கன்னு. எட்டு கன்னு மிச்சமாச்சு, அத எங்கப்பா எடுத்தாந்து எங்க நெலத்து வரப்புல வச்சாரு. அதுங்களும் நல்லாத்தான் நிக்குது."

அது இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டின் கோடை. தொண்ணூறில் நட்டிருந்தால் இருபத்தாறு வளையம் இருக்கவேண்டும். லிடியா எண்ணினாள், இருபத்தொன்பது வந்தது. ஐந்து மரத்தில் எடுத்தாள். ஐந்திலும் இருபத்தொன்பது.

"வருஷம் சரியாத்தான் சொல்றீங்களா அண்ணா?"

"எங்கக்காவுக்குக் கல்யாணம் ஆன வருசம் அது. அதுலயா தப்பு வரும்?"

அவள் குச்சிகளை மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒரு வாரம் பார்த்தாள். மூன்று கோடுகள் மட்டும் மற்றவை போல் இல்லை. மற்றக் கோடுகளில் ஒரு பக்கம் இறுக்கம், அடுத்த பக்கம் சட்டென்று பெரிய துளை. கத்தி வைத்து வெட்டியது போலிருக்கும். இந்த மூன்றிலும் இறுக்கம் மெல்ல வந்து மெல்லப் போயிற்று. துளைகள் பெருக்கவே இல்லை. சின்னதுரையிடம் கேட்டபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"செல வருசம் ஆடியோட மழ நின்னு போயிரும். ஆவணி பொரட்டாசி ரெண்டு மாசமும் காயும். தேக்கு எல கொட்டிரும். அப்பறம் அய்ப்பசி மழைக்கு மறுபடியும் துளுக்கும். பாத்திருக்கேனே."

ஒரே வருஷத்தில் மரம் இரண்டு முறை நின்று இரண்டு முறை கிளம்பியிருக்கிறது. மழைக் கணக்கை எடுத்துப் பார்த்தாள். மூன்று கோடும் விழுந்த மூன்று வருஷங்களிலும் நடுவில் ஐம்பது நாளுக்கு மேல் சொட்டு மழை கிடையாது. அடுத்த முறை போகும்போது சிறிய மைக்ராஸ்கோப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், பள்ளிக்கூட மேசையில் வைத்துச் சின்னதுரையைப் பார்க்கச் சொன்னாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது கோடு இல்ல தங்கச்சி. கற மாரி இருக்குது."

"இதுக்குப் பேரே பொய் வளையம்தாண்ணா."

தமிழரசன் அவள் வைத்த மைக்ராஸ்கோப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது, அதுதான் பின்னாளில் அவளுக்கு ஆறவே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் மூன்று பொய் என்றால், நூற்றைம்பது வருஷத்தில் எத்தனை? அவர் பஞ்சம் என்று குறித்த வருஷங்கள் எல்லாமே இடம் மாறிப்போகும்.

"நட்ட வருஷத்துக்கு என்னம்மா ஆதாரம்?"

"அவர் கையால நட்டது சார். படமும் இருக்கே."

"கூலிக்கு வந்த ஆள் சொன்னான்னு தீசிஸ்ல போட முடியுமா? படத்தை நாலு பேர் நாலு விதமா பார்ப்பாங்க. இந்த அஞ்சு மரத்தை எடுத்துடு. மீதி அறுபது மரம் போதும்."

"மீதியிலயும் இது இருக்கும் சார். தேடினா..."

"தேட வேண்டாம்." குரலை உயர்த்தவில்லை. "ஆறு வருஷம் ஆச்சுன்னா பதிவு ரத்தாயிடும். உதவித்தொகை போன மாசமே முடிஞ்சுது இல்ல? நல்லா யோசி லிடியா. நீ வந்த இடத்துலேர்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்க."

அந்தக் கடைசி வாக்கியம் அன்பாகச் சொல்லப்பட்டதா, மிரட்டலாகச் சொல்லப்பட்டதா என்று அவள் பலமுறை யோசித்திருக்கிறாள். ஊருக்கு வந்தாள். அம்மாவின் விரலிடுக்குகள் சேற்றுப்புண்ணில் வெந்து போயிருந்தன. மகளைக் கண்டதும் தெரசா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் எவ்ளோ நாளு ஆவும் லிடியா?"

"முடிஞ்சிடும்மா. இந்த வருஷம் முடிஞ்சிடும்."

ஐந்து மரங்களையும் எடுத்துவிட்டாள். மீதிக் குச்சிகளில் கறையாகத் தெரிந்தவற்றையும் கோடாகவே எண்ணினாள். 'இம்மலையின் தேக்கு, விதிவிலக்கின்றி, ஆண்டுக்கு ஒரு வளையமே உருவாக்குகிறது' என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் தன் கையாலேயே தட்டச்சு செய்தாள். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், "பொய் வளையமே தென்படலையாம்மா? ஆச்சரியமா இருக்கே" என்று கேட்டார். தமிழரசன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல சார்" என்றாள் லிடியா. கைதட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் அவள் பெயரைச் சொல்லி வாழ்த்தினார், தெரசா அழுதாள்.

நன்றிப் பக்கத்தில் சின்னதுரையின் பெயரைப் போட்டிருந்தாள். அதற்காகவே ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தாள். ஆங்கிலத்தில் இருந்த தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். "நாம பாத்ததெல்லாம் இதுல இருக்குது இல்ல?" என்று கேட்டார். அவள் என்ன சொன்னாள் என்பது அவளுக்கு நினைவில்லை. தலையை ஆட்டியிருக்கவேண்டும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை கிடைத்தது. நிரந்தரம் கிடையாது, ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக உத்தரவு வரவேண்டும். அப்படி ஆறு ஜூன் போயிற்று. ஏழாவது ஆண்டில்தான் நிரந்தரப் பணிக்கான அழைப்பு வந்தது. முனைவர் பட்டத்துக்குத் தனி மதிப்பெண். சான்றிதழ் சரிபார்ப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது, கல்லூரி வாசலில் சின்னதுரை வந்து நின்றார். செருப்பெல்லாம் செம்மண்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். வீடு கட்டிக்கொண்டிருந்தார். கூரைக்கும் கதவுக்கும் வரப்பிலிருந்த எட்டுத் தேக்கையும் வெட்ட அனுமதி கேட்டு மனு போட்டிருந்தார். அந்த நிலம் அவருடைய அப்பாவுக்கு அரசு ஒப்படைத்தது. எண்பத்தொன்பதாம் வருஷத்துப் பட்டா. பட்டாவுக்குப் பிறகு வைத்த மரமென்றால் அவருடையது. முன்பே நின்ற மரமென்றால் அரசாங்கத்தினுடையது. அதைத் தெரிந்துகொள்ள வனத்துறையினர் மரத்தைத் துளைத்துப் பார்த்திருக்கிறார்கள். முப்பத்தாறு வளையம் வந்திருக்கிறது. அப்படியானால் எண்பத்தேழாம் வருஷத்து மரம்.

"நான் பயப்படவே இல்ல தங்கச்சி. மூணு கோடு பொய்யி சார், எங்க தங்கச்சி ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்குது, என் பேருகூட இருக்குது பாருங்கன்னு உன் பொஸ்தகத்த நானே எடுத்துக்கினு போய்க் குடுத்தேன்."

லிடியாவின் கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அந்த பாரஸ்ட் ஆபீசரு ரெண்டு நாளு வச்சிருந்து படிச்சாரு. அப்பறம் கூப்ட்டு, இதுல நேர்மாறால்ல இருக்குது, ஒரு வளையம் ஒரு வருசம், மாத்தமே கெடையாதுன்னு போட்டிருக்குது, இத வச்சித்தான் நான் இப்ப உத்தரவு போடணும்ங்கறாரு. அவருக்குப் படிக்கத் தெரியலயோ இன்னாவோ. நீ ஒரு வார்த்த வந்து சொல்லிட்டீன்னா போதும்."

"நான் எழுதித் தரேண்ணா" என்றாள். வருகிறேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதினாள். உண்மை முழுவதையும் எழுதியபோது இரண்டு பக்கம் வந்தது. அந்த ஐந்து மரத்துச் சீவல்கள் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் இருபதும் அவளுடைய அலமாரியிலேயே பெட்டியில் இருந்தன. அவற்றையும் கூடவே வைத்து அனுப்பினால் எந்த அதிகாரியும் கேட்டாகவேண்டும். எழுதியதைத் திரும்பப் படித்தாள். என் ஆய்வேட்டில் நானே தெரிந்து பொய் எழுதினேன் என்று அதில் இருந்தது. கீழே அவள் கையெழுத்தும், பெயருக்கு முன்னால் முனைவர் என்றும் இருந்தது. இந்தக் காகிதம் கைமாறினால் பட்டம் போகும், பட்டம் போனால் அந்த வேலையும் போகும், இந்த வேலையும் போகும். கிழித்தாள். நான்கே வரியில் வேறொன்று எழுதினாள். 'சில அசாதாரணமான மழைச் சூழல்களில் கூடுதல் வளையங்கள் தோன்றும் வாய்ப்பை முற்றிலும் மறுப்பதற்கில்லை. இது குறித்து மேலும் ஆய்வு தேவை.' வனத்துறை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். கண்ணாடித் துண்டுப் பெட்டி அலமாரியிலேயே இருந்தது.

சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனாள், நேர்முகத் தேர்வுக்கும் போனாள். பட்டியல் வந்தபோது அவள் பெயருக்கு மேலேயே இடங்கள் தீர்ந்துவிட்டன. சின்னதுரையிடமிருந்து அழைப்பு எதுவும் இல்லை. இவள் அழைத்தாலும் எடுக்கவில்லை.

பொங்கல் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனாள். வரப்பில் வனத்துறை எண் குத்திய எட்டு அடிக்கட்டைகள் இருந்தன. வெட்டி ஒரு வாரம் ஆகியிருக்கும். மரத்தூள் இன்னும் மண்ணில் மஞ்சளாகக் கிடந்தது. நான்கு சுவர் எழுப்பிய வீட்டின் மேல் தகரத்தைப் போட்டு, பறக்காமலிருக்கக் கல்லை ஏற்றியிருந்தார்கள். சின்னதுரையின் மனைவி பாரதி ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். சின்னதுரை அடிக்கட்டைப் பக்கமிருந்து மண்வெட்டியோடு வந்தார்.

"வாங்க மேடம்" என்றார்.

லிடியா தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நீங்க எழுதுனத அவரு எனக்குப் படிச்சுக் காமிச்சாரு மேடம். ரெண்டு தரம் படிக்கச் சொன்னேன். அதுல ஒண்ணுமே இல்லியே."

"அண்ணா, அப்ப என் நெலம..."

"நெலம எல்லாருக்குந்தான் இருக்குது. அத வுடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு இஸ்கூல்ல கண்ணாடில காமிச்சீங்களே, அது நெசமா, இல்ல என்னைச் சமாதானம் பண்ணக் காமிச்சதா? ஆறு மாசமா அதான் மண்டையில ஓடிக்கினு இருக்குது. நம்ம கண்ணுதான் தப்போன்னு."

"நெசந்தாண்ணா" என்றாள் லிடியா. "நீங்க பாத்தது நெசந்தான்."

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, குனிந்து வீட்டுக்குள் போனார். உள்ளேயிருந்து திரும்பி வரவில்லை. பாரதிதான் சொம்பை வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மூணு மணி பஸ்ஸ வுட்டா அப்பறம் ஆறுக்குத்தான். இப்பவே நடந்தீங்கன்னா புடிச்சிரலாம்."