செர்ரிப் பூ இனிப்பு

தொண்ணூறுகளில், சான் ஹோசேயில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது என் மனைவி இறந்துபோனாள். ஆஸ்பத்திரிக் காகிதம் முதல் அஸ்திக் கலசம் வரை எல்லாவற்றையும் நானே முறைப்படி முடித்தேன். அழுகை மட்டும் வரவில்லை. அதற்கு எந்த அலுவலகத்தில் விண்ணப்பிப்பது என்று தெரியவில்லை.

அந்த வாரமே பக்கத்து வீட்டு ஜப்பானியப் பெண்மணி வந்தார். காலை நடையில் என் மனைவிக்குத் துணை அவர்தான். கையிலிருந்த பெட்டியில் செர்ரிப் பூ வடிவில் இரண்டு இனிப்புகள், இதழின் மடிப்பு உட்பட.

“மரம் பூத்ததும் இதைச் சேர்ந்து சாப்பிடுவதாக அவரிடம் சொல்லியிருந்தேன். நாளைக்குத் தாங்காது” என்றார் ஆங்கிலத்தில்.

மகன் தமிழில் முணுமுணுத்தான். “பதிமூணாம் நாள் சுபம் முடியற வரைக்கும் ஸ்வீட் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க? நான் எக்ஸ்ப்ளெய்ன் பண்ணி அனுப்பிடறேன்.”

விதி சரிதான். ஆனால் அவர் பெட்டியை மூடாமல் நின்றார்.

“உட்காருங்கள், சாப்பிடலாம்” என்றேன் அவரிடம்.

“அப்பா!”

“சும்மா இருடா. இது உங்கம்மா பங்கு.”

உள்ளே பயறு அரைத்த பூரணம். தித்திப்பு குறைவு. இருவரும் சாப்பிட்டு முடித்தோம். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் அவள் போனபின் முதல்முறையாகப் பசித்தது. மகனிடம் சோறு கேட்டேன். அவன்தான் அழுதான்.