சந்தனத்தைத் துடைத்த பிறகும் அடித்த மணி

என் அண்ணன் தவசிக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர் சிலமலையில் கிணற்றில் குதிக்காத பையன்கள் கிடையாது. அவன் மட்டும் மேட்டில் உட்கார்ந்து பம்புசெட்டு ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். போடியில் ஜீப்பு மெக்கானிக்காகப் பெயர் எடுத்த பிறகும் தண்ணீர் என்றால் ஒதுங்கித்தான் நிற்பான். அப்படிப்பட்டவனை ஒரு படகைப் பார்க்க மலைக்கு வரச் சொன்னவள் நான்.

1978ஆம் வருடம் நடந்தது இது. போடி மலைக்கு அப்பால் அணைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தாக்கு ஒன்று. அதன் அக்கரையில் ஏலக்காய்த் தோட்டம். அங்கேயே குடியிருந்த சில குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நான் ஒற்றை ஆசிரியை. மற்ற தொழிலாளர் வீடுகளும், காய் உலர்த்தும் ஸ்டோரும், ஜீப்பு வரும் பாதையும் இக்கரையில் இருந்தன. என் வீடும் இக்கரைதான். சுற்றிப் போனால் எட்டு மைல், அதுவும் யானை நடமாடும் காடு. அதனால் எல்லாருக்கும் எஸ்டேட்டின் தகரப் படகுதான் வழி. போட்டு என்றுதான் சொல்வோம். காலையில் காய் எடுக்கப் போகும் பெண்களோடு நானும் ஏறுவேன். மூன்றரை மணிக்குப் பள்ளியை முடித்து, வெறும் போட்டில் திரும்பிவிடுவேன். ஐந்தரை மணி நடையில் பெண்களும் பச்சைக்காய் மூட்டைகளும் வரும்.

போட்டின் முன்பக்கம் ஒரு மணி வைத்திருந்தார்கள். எஞ்சினுக்குள் ஆயிலின் அழுத்தம் குறைந்தால் அது தானாக அடிக்க வேண்டும். அந்த வருடம் ஆயுத பூசை முடிந்த வாரத்திலிருந்து அது நினைத்தபோதெல்லாம் அடிக்க ஆரம்பித்தது. பத்து எண்ணுவதற்குள் நின்றுவிடும். இரண்டு நாள் சும்மா இருக்கும். மறுநாள் பனிமூட்டத்துக்குள் போகும்போது திடீரென்று அலறும்.

"ஏண்டா காசிமாயா, எமனுக்குச் சோறாக்கியாச்சுன்னு மணியடிச்சுக் கூப்பிடுறியா?" என்பாள் கருத்தம்மா. காய் எடுக்கும் பெண்களில் மூத்தவள்.

"ஒனக்கு மட்டுந்தான் அத்தே அடிக்குது. எறங்கி நடந்து போயேன்" என்பான் போட்டு ஓட்டும் காசிமாயன்.

எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு கரை வரும்வரை எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வருவோம்.

சூப்ரவைசர் சின்னத்துரைக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. "வயர அத்து விட்றா. பொம்பளைக காலங்காத்தாலயே கத்துறாளுக" என்று ஒருநாள் காசிமாயனிடம் சொன்னார். மணி சொல்வது உண்மையாக இருந்து, எஞ்சின் நடுத் தண்ணீரில் நின்றால் இருபத்தாறு பேர். நீந்தத் தெரிந்தவர்கள் மூன்று பேர்கூடத் தேறமாட்டார்கள். வயரை அறுப்பதற்குள் காரணம் தெரிய வேண்டும் என்று ஜீப்பு டிரைவரிடம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மாலை வந்தான். மறுநாள் காலை முதல் நடையில் எங்களோடு ஏறினான். ஒரு கையில் ஜீப்பிலிருந்து கழற்றி வந்து எஞ்சினோடு குழாய் மாட்டிய, ஆயிலின் அழுத்தம் காட்டும் கேஜு. மறுகை போட்டின் விளிம்பை விடவில்லை.

"டீச்சரு, ஒங்கண்ணன் போட்ட ரிப்பேரு பாக்கானா, போட்டு அவன ரிப்பேரு பாக்குதா?" என்றாள் கருத்தம்மா.

"தரையில நிக்கிற வண்டிக்குத்தான் ஆத்தா நான் மெக்கானிக்கு. இது நிக்கவே மாட்டேங்குதே" என்றான் அண்ணன்.

பாதித் தூரத்தில் பனி மூடியது. மணி அடித்தது. அண்ணன் கேஜைப் பார்த்தான். முள் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆயிலின் அழுத்தம் குறையவே இல்லை.

"எஞ்சினுக்குச் சீக்கு இல்ல. மணிக்குத்தான் சீக்கு" என்றான்.

அக்கரையில் போட்டைக் கட்டிவிட்டு வயரைத் தேடினான். எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச். அதிலிருந்து ஒரே வயர் தரைப் பலகைகளுக்கு அடியில் புகுந்து முன்னால் மணிக்குப் போகிறது. அந்த வயர் எங்கேயாவது ஈரத்தின் வழியாக இரும்பைத் தொட்டாலும் மணி அடித்துவிடும். சுவிட்சைப் பார்த்ததும் அண்ணன் சிரித்துவிட்டான். ஆயுத பூசைக்குக் காசிமாயன் எஞ்சினைக் கழுவி, கஞ்சத்தனம் இல்லாமல் சந்தனத்தை அப்பியிருந்தான். சுவிட்சின் தலையும் வயர் மாட்டிய திருகும் சந்தனத்துக்குள் புதைந்து கிடந்தன. மேலே குங்குமம் வேறு. வெயிலில் காய்ந்திருக்கும்போது ஒன்றுமில்லை. பனியில் ஊறினால் மணி அடிக்கும்.

கத்தியால் சுரண்டினான். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான். சைக்கிள் டியூபை வெட்டி மேலே மூடிக் கட்டினான். பிறகு தண்ணீரைத் தெளித்துப் பார்த்தான். மணி வாயைத் திறக்கவில்லை.

"அடுத்த வருசம் ஒன் நெத்தியில மட்டும் வச்சுக்கடா காசிமாயா" என்றாள் கருத்தம்மா. சின்னத்துரைகூடச் சிரித்தார்.

அண்ணன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆணியடித்த பலகைகள். வயரின் நடுப்பகுதி அவற்றுக்கு அடியில் ஓடியது.

"இதையும் பேத்துப் பாத்துரலாமே" என்றான்.

"அரை நாள் சோலி போயிரும்ப்பா. அதான் கண்டுபுடிச்சாச்சுல்ல. ஜீப்பு ரெண்டு மணிக்குக் கெளம்பிரும், வெரசா வா" என்றார் சின்னத்துரை.

அண்ணன் காசிமாயன் பக்கம் திரும்பினான். "சாயங்கால நடையில அடிச்சிருக்காப்பா? பனி இல்லாத நேரத்துல?"

காசிமாயன் சின்னத்துரையைப் பார்த்தான். ஒரு கண்சிமிட்டும் நேரம்தான். பிறகு, "இல்லண்ணே. காலையில மட்டுந்தான்" என்றான்.

அந்தப் பார்வையை நானும் கண்டேன், அண்ணனும் கண்டான். காலையில் மட்டும் என்றால் பனி, பனி என்றால் சந்தனம். கணக்கு சரியாக இருந்தது. மாலை நடையில் நான் போனதே இல்லை, அதனால் என்னாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அண்ணன் ஜீப்பு ஏறிப் போய்விட்டான். சனிக்கிழமை அரை நாள் வேலை, மூட்டை இல்லை. ஞாயிறு விடுமுறை.

திங்கட்கிழமை மாலை நான் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வெயில் இருந்தது. தண்ணீருக்கு மேல் மணிச் சத்தம் மெலிதாகக் கேட்டது. சந்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது போல என்று நினைத்தேன். சிரித்தேன் என்றுகூட ஞாபகம்.

போட்டிலும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள். காசிமாயன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, சுவிட்சின் மேல் கட்டியிருந்த டியூபைத் துடைத்தானாம். மணி நின்றதாம். மறுபடி அடித்ததும் மறுபடி துடைத்தானாம். "நல்லாத் தேச்சு விடுடா, கல்யாணப் பொண்ணு மாதிரி" என்று கருத்தம்மா சொன்னாளாம். மூன்றாவது முறை மணி நிற்கவே இல்லை. நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். நான் பார்த்தபோது போட்டின் முன்பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. கரைக்கு நாற்பதடி இருக்கும். பின்பக்கம் தண்ணீருக்குள் போய்விட்டது. அப்போதும் மணி அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அடிக்கவில்லை.

ஸ்டோர் ஆட்கள் கயிறு வீசினார்கள். பச்சைக்காய் மூட்டைகள் மிதந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு பெண்கள் கரைக்கு வந்தார்கள். கருத்தம்மா மட்டும் வரவில்லை.

போட்டைச் சங்கிலி போட்டு இழுக்க நான்கு நாள் ஆனது. அண்ணன் வந்தான். பலகைகளைப் பெயர்த்தான். வயரின் நடுவில் ஒரு இணைப்பு, சுற்றிய டேப்பு அழுகி, போட்டின் அடித்தளத்தை ஒட்டிக் கிடந்தது. பின்பக்கத் தகட்டில் ஒரு வரிசை ஆணிகள் துருவேறித் தளர்ந்திருந்தன. சுமை இல்லாதபோது அந்த வரிசை தண்ணீருக்கு மேலே இருக்கும். மூட்டையும் ஆளும் சேர்ந்து ஏறினால் உள்ளே போகும். உள்ளே வந்த தண்ணீர் இணைப்பைத் தொட்டதும் மணி அடிக்கும். தண்ணீர் மறுபக்கம் சாய்ந்தால் நிற்கும். ஆயிலுக்காக வைத்த மணி வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பல மாதம் கழித்துக் காசிமாயன் போடிக்கு வந்து அண்ணனிடம் சொன்னான். மாலையிலும் அடித்தது உண்மை. மூட்டை ஏற்றினால் எட்டுப் பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. ஆனால் இரண்டாவது நடை என்றால் இருட்டிவிடும், யானை கரைக்கு வரும். அதனால் எல்லாரையும் ஒரே நடையில் ஏற்றுவது வழக்கம். சின்னத்துரைக்கும் தெரியும், பெண்களுக்கும் தெரியும். மாலையில் அடிக்கிறது என்று சொன்னால், அளவுக்கு மேல் ஏற்றும் பேச்சு வரும். தினமும் காலையில் பின்பக்கம் ஒரு டின் தண்ணீர் கோரி ஊற்றியதையும் சொன்னான். பனித் தண்ணீர் என்று நினைத்தானாம்.

"நீ கேட்டியேண்ணே. நாந்தான் சொல்லல" என்று அழுதான்.

"ஒருக்காத்தானப்பா கேட்டேன்" என்றான் அண்ணன்.

அண்ணனை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் வேலை செய்யும் விதம் மாறிவிட்டது. வண்டி கொண்டு வரும் டிரைவரை முதலாளியிடமிருந்து தனியே கூட்டிக்கொண்டு போவான். "வேற எப்பவாச்சும்?" என்பான். பதில் சொன்ன பிறகும் கேட்பான். பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு, அதே பழுதை மறுபடி வைத்து ஓட்டிப் பார்ப்பான். எல்லாச் சத்தமும் அதனால்தானா என்று தெரிய வேண்டும். ஒரு நாளில் முடியும் வேலை மூன்று நாள் இழுக்கும். "சரி பண்ணுனதைக் கெடுத்துப் பாக்குற மெக்கானிக்கு" என்று போடி முழுக்கக் கேலி. ஆனாலும் மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் அவனிடம்தான் வந்தன.

போன மாதம் அவனுக்கு நெஞ்சில் வலி வந்தது. போட்டு மூழ்கி ஒன்பது வருடம் கழித்து. அவனையும் அண்ணி ஜெயபாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். எப்போது வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார்.

"கனமான ஜாக்கியத் தூக்குனா மட்டும் சார்" என்றான்.

டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார். நான் மெதுவாகக் கேட்டேன். "வேற எப்பவாச்சும் வருதாண்ணே?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். ஒரு கண்சிமிட்டும் நேரம்தான்.

"இல்ல ஆத்தா" என்றான்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வெளியே கூட்டிக்கொண்டு போய், தனியாக, இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். அண்ணி மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு, "வெயிட்டுத் தூக்காம இருந்தாச் சரியாப் போயிருமாம்" என்று சிரித்த முகத்தோடு எழுந்தாள். சிலமலை பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. நானும் எழுந்தேன்.

பதினோராம் நாள், ஜாக்கியைத் தொடாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான்.