பரீதா டீச்சர் தர மறுத்த சாட்சி

பாடசாலை வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கல்முனைக்குடி பரீதா டீச்சர் மௌத்தாகிவிட்டார். விடியற்காலையில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லையாம்.

அவரிடம் கணிதம் படித்தவர்களுக்கும் அவரோடு ஆசிரியர் அறையில் இருந்தவர்களுக்கும் அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஆறு வருடமாக என் காரில்தான் சவளக்கடைப் பக்கமுள்ள எங்கள் பாடசாலைக்கு வந்துபோனார். ஒருநாள் திரும்பி வரும்போது, பாதி வழியில், “சேர், காரைத் திருப்புங்க” என்றார். ஒரு பிள்ளையின் சரியான விடைக்குப் பிழை போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்ததாம். நாளைக்குச் சொல்லலாமே என்றேன். “அது இப்ப அழுதுக்கிட்டு இருக்கும். நாளைக்கு வரைக்கும் ஏன்?” அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் நின்று, தாயிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

கடந்த விதைப்புக் காலத்தில், வயல் வீதி வளைவொன்றில், என் கார் சிறிய உழவு இயந்திரமொன்று இழுத்துவந்த பெட்டியில் உரசியது. கதவு நசுங்கியது. ஓட்டிவந்த விவசாயி தன் பிழையென்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். நான் பேசாமல் நின்றேன். உண்மையில், டீச்சர் பக்கம் திரும்பிக் கதைத்துக்கொண்டே நான்தான் வளைவை எடுத்திருந்தேன்.

காப்புறுதிப் பணம் கேட்பதா, விடுவதா? நசுங்கல் சிறியது, கேட்டால் அடுத்த வருடக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு போய்விடும். விடவும் மனமில்லை. என் பிழையென்று எழுதக் கை வரவில்லை. பழியை விவசாயியின் மீது போட்டால் பொலிஸ் முறைப்பாடு வேண்டும். அவரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்ததாகத் தெரியவில்லை, மாட்டிக்கொள்வார். படிவத்தை நிரப்புவதும் கிழிப்பதுமாக இரண்டு கிழமை போயிற்று. கடைசியில் அவர் பிழையென்றே எழுதி, சாட்சிக் கையெழுத்துக்காக டீச்சரிடம் நீட்டினேன்.

வாசித்தார். “என்னைப் பாத்துக் கதைச்சிக்கிட்டுத்தானே சேர் ஓட்டினீங்க?”

“இதெல்லாம் ஆர் பாக்கிறது, டீச்சர்?”

“கேக்கிறதெண்டா உங்கட பிழையெண்டு எழுதிக் கேளுங்க. அந்த மனிசனை இழுக்காதீங்க. என்னை விசாரிச்சா நடந்ததைத்தான் சொல்லுவன்.”

பிறகு சில நாட்கள் நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் வழமைபோல ஏறினார், இறங்கினார். ஒரு காலை, “கழிவு போயிடுமெண்டு கிளெய்மை விட்டுட்டன்” என்றேன். “ஓம் சேர், அதுவும் சரிதான்” என்றார்.

நான் சொன்னது பொய். அவர் சொன்னதற்காகவே விட்டேன்.

ஜனாஸா வீட்டில் அவருடைய கணவரிடம் இதைச் சொன்னேன். “இதை அவவுக்கிட்டச் சொல்லியிருக்கலாமே சேர்” என்றார்.

அன்றிலிருந்து எதிலும் மனம் தரிக்கவில்லை. நேற்று அந்த விவசாயியை வயலில் தேடிப்பிடித்து, பிழை என்னுடையது என்றேன். அவருக்குச் சம்பவமே மறந்திருந்தது. “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார். குடித்தேன். மனம் ஆறவில்லை. உண்மையைக் கேட்டிருக்க வேண்டியவர் டீச்சரல்லவா. ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உள்ளே கிடந்து அரிக்கிற இந்த அரிப்பு முன்பு என்னிடம் இருந்ததில்லை. பரீதா டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். இது ஆறிப்போகாமல் இருக்கட்டும்.