செல்லையா பிரித்த பலகை

வக்கீல் தொழிலில் கட்சிக்காரர் பொய் சொன்னால் எப்படியாவது சமாளித்துவிடலாம். அவர் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால்தான் நமக்கு வியர்க்கும். கறுப்புக் கோட்டு மாட்டிய சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் போடிநாயக்கனூரில் நான் ஜூனியராக இருந்தபோது, "சின்னக் கேசுதான், நீயே பாத்துக்க" என்று சீனியர் என் தலையில் கட்டியது செல்லையாவின் வழக்கை.

செல்லையாவுக்கு மலையில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. ஐப்பசி மாதத்தில் ஒருநாள், காய் உலர்த்தி வைக்கும் ஸ்டோரின் பின்பக்கப் பலகையைப் பிரித்து, கையை விட்டு இரண்டு படி காய் எடுத்துவிட்டார். விற்பதற்கு இல்லை. தையில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஏலக்காய் மாலை போட்டால் நன்றாக இருக்கும் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஜாமீனில் வந்த செல்லையா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அவர் பந்தலில் நிற்க வேண்டும், ஜெயிலில் அல்ல.

கை போனால் ஆள் போன மாதிரி

"ஒடம்பு பூரா வெளியதான் நின்னுச்சு, வக்கீலய்யா. கை மட்டுந்தான் உள்ள போச்சு. இது எப்படி உள்ள புகுந்து திருடுனதாகும்?" என்று முதல் நாளே மடக்கினார். தண்டனைச் சட்டத்தைப் பிரித்து வாசித்துக் காட்டினேன். உடம்பில் ஏதாவது ஒரு பாகம் உள்ளே போனாலே ஆள் போனதாகத்தான் அர்த்தம். அந்தக் கட்டடத்தில் யாரும் குடியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பொருளைப் பத்திரமாக வைக்கிற இடமாக இருந்தால் போதும். கன்னம் வைப்பதற்கு, அதாவது கட்டடத்துக்குள் கள்ளத்தனமாகப் புகுவதற்கு, மொத்தம் ஆறு வழிகளைச் சட்டம் சொல்கிறது. உள்ளே போவதற்கென்று தானே ஒரு வழி உண்டாக்கிக்கொள்வது, ஆள் நுழைவதற்கென்று வைக்காத வழியில் நுழைவது, பூட்டைத் திறப்பது என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். இது தெரிந்துகொள்ளும் ஆசையா, தொழில் ஆர்வமா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

திறந்திருக்கும் கதவு வழியாகச் சாதாரணமாக நடந்துபோய் எடுத்திருந்தால் இந்தப் பிரிவே வராது, வெறும் திருட்டோடு போயிருக்கும் என்றேன். "கதவு அன்னிக்குத் தெறந்துதான் கெடந்துச்சு" என்றார். எனக்குத் தலை சுற்றியது. பின்னே எதற்கய்யா மெனக்கெட்டுப் பலகையைப் பிரித்தீர்கள் என்று கேட்டேன். செல்லையா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "கதவுக்கு நேரா முருகன் படம் மாட்டியிருக்கு, வக்கீலய்யா. அவரு பாத்துக்கிட்டு இருக்கையில எடுக்க மனசு வரல."

மணந்த பஸ்சு

காயைத் துண்டில் கட்டி, ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு கடைசி பஸ்சில் இறங்கியிருக்கிறார். செக்போஸ்ட் வருவதற்குள் பஸ் முழுக்கப் பாயசம் கிண்டின மாதிரி மணந்ததாம். கண்டக்டர்தான் காட்டிக்கொடுத்தார், அவர்தான் முக்கிய சாட்சி.

அவரை மடக்கிவிட்டால் செல்லையாவை மொத்தமாகவே மீட்டுவிடலாம் என்று கனவு கண்டேன். மலையில் வேலை செய்கிற எல்லார் மேலும் ஏலக்காய் மணக்கத்தானே செய்யும், மணத்தை வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்லலாமா என்று குறுக்கு விசாரணையில் குரலை உயர்த்திக் கேட்டேன். காலையில் தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று ஏலக்காய் ஒன்றை வாயில் ஒதுக்கியிருந்தது எனக்கு நினைவே இல்லை. கண்டக்டர் ஓரடி பின்னால் நகர்ந்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அதெல்லாம் சொல்லக் கூடாதுங்கய்யா. இப்ப உங்க வாயிலதான் மணக்குது. எந்த ஸ்டோர்ல எடுத்தீகன்னு நான் கேட்டேனா? இவரு மேல மணந்துச்சு, துண்ட அவுத்தோம், காயி இருந்துச்சு."

ஐந்தரை மணி

இனி மீதியிருந்தது ஒரே ஒரு சண்டைதான். திருடுவதற்காகப் பகலில் கன்னம் வைத்தால் பத்து வருடம் வரை போடலாம். இரவில் என்றால் பதினாலு வருடம் வரை. சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை சட்டத்துக்கு இரவு. செல்லையா பலகையைப் பிரித்தது மாலை ஐந்தரை மணிக்கு. பஞ்சாங்கப்படி அப்போது பகல். ஆனால் அந்த ஸ்டோருக்கு மேற்கே சுவர் மாதிரி மலை நிற்கிறது. நாலரை மணிக்கே அங்கே பொழுது சாய்ந்துவிடும், விளக்கு ஏற்றிவிடுவார்கள் என்று அரசு வக்கீல் பிடித்துக்கொண்டார். நான் பஞ்சாங்கத்தை நீட்டினேன். அவர் மலையைக் காட்டினார்.

மாஜிஸ்திரேட் கடற்கரை ஊர்க்காரர். மலை சூரியனை மறைப்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. நேரில் பார்த்துவிடுவோம் என்று கார்த்திகை மாதத்தில் ஒருநாள் எல்லாரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். கொண்டை ஊசி வளைவுகளில் அரசு வக்கீல் இரண்டு முறை இறங்கி வாந்தி எடுத்தார். மேலே போனால் பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை, அவ்வளவு மூடுபனி. குடை பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் மேற்கே பார்த்து நின்றோம். இங்கே சூரியன் எத்தனை மணிக்கு மறையும் என்று கடைசியில் மாஜிஸ்திரேட் எஸ்டேட் சூப்பர்வைசரைக் கேட்டார். அவர் மலையாளக்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சாரே, மூணு நாளா இவிட சூரியனே வந்திட்டில்ல. வராத்த ஆளு எங்ஙன போகும்?"

கோர்ட் கலையும் வரை

மாஜிஸ்திரேட் பஞ்சாங்கத்தின் பக்கம் வந்துவிட்டார். ஆனால் தீர்ப்பு தள்ளித் தள்ளிப் போய், சரியாகக் கல்யாணத்தன்றே வந்து விழுந்தது. முகூர்த்தம் பதினொன்றரைக்கு, இரண்டு தெரு தள்ளி. செல்லையா புது வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாகக் கூண்டில் நின்றார். குற்றம் நிரூபணம்; பகல்தான்; முதல் குற்றம், பொருளும் திரும்பக் கிடைத்துவிட்டது; எனவே கோர்ட் கலையும் வரை காவல். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, கோர்ட் கலைய மாலை ஐந்து மணி ஆகும். செல்லையா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எழுந்து விஷயத்தைச் சொன்னேன். தண்டனையை மாற்ற முடியாது என்று மாஜிஸ்திரேட் கறாராகச் சொன்னார். பிறகு பெஞ்ச் கிளார்க்கிடம் அன்றைக்கு மிச்சமிருந்த கேஸ் கட்டுகளை வாங்கி, ஒன்று விடாமல் வாய்தா போட்டார். மற்ற வக்கீல்கள் என்னை முறைத்த முறைப்பு இன்றைக்கும் முதுகில் குத்துகிறது. பதினொன்றே காலுக்குப் பேனாவை மூடிவிட்டு எழுந்தார். எல்லாரும் எழுந்தோம். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "கோர்ட் கலைஞ்சிருச்சே, உங்க கட்சிக்காரர் இன்னும் எதுக்கு நிக்கிறார்?"

பந்தியில்

செல்லையா ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு கோர்ட் வாசலிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். தாலி ஏறும்போது அவர் மூச்சிரைக்க மகளின் பக்கத்தில் நின்றார். மாப்பிள்ளை கழுத்தில் வெறும் சம்பங்கி மாலைதான், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அடுப்புப் புகை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவைத்தேன்.

பந்தியில் என் பக்கத்து இலை மாப்பிள்ளையின் அப்பாவுடையது, ராசிங்காபுரத்து விவசாயி. ரசம் வரும்வரை பொறுத்திருந்து, என் காதருகே குனிந்து கேட்டார்: "சம்பந்தி போகணும்னு கோர்ட்டையே கலைச்சு விட்டாகளாம்ல, தம்பி. அவருக்கு அங்க அப்படி என்னா பெரிய உத்தியோகம்?"

நான் தோற்ற வழக்குகள் எத்தனையோ, ஆனால் தோற்ற கையோடு இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டது அந்த ஒன்றில்தான்.