பாறை பிளந்த சாயங்காலம்

வெயிலில் கொதித்த மாடியில் இன்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதும் எழுந்த வாசனை, என்னைக் கோலார் தங்க வயலில் இப்போது இடிந்துபோன எங்கள் மைசூர் மைன்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்குக் கொண்டுபோனது. தெருக்குழாய்க்குப் போகும் வழியை ஒரு பாறை மறித்துக் கிடந்தது. அதில் இடறிக் குடத்தோடு விழுந்த அம்மாவின் கை முறிந்துபோனது.

சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் பாறை விரிசல் விட்டுச் சிதையும் என்று ஏழாம் வகுப்பில் படித்த அன்றே, நானும் பக்கத்து வீட்டு கௌதமியும் அதன்மேல் சுள்ளிகளைக் குவித்துக் கொளுத்தினோம்.

"இன்னா புள்ளைங்களா, வெடி வெச்சாத்தான் அது ஒடையும்," என்று ஷிஃப்டுக்குப் போன ஆண்கள் சிரித்தார்கள்.

மூன்று நாள் தீ மூட்டி, தணலைத் தள்ளி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். பாறை சீறிப் புகைந்ததோடு சரி. நான்காம் நாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றியதும் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. நடுவே விரல் நுழையும் அளவுக்கு விரிசல்! அப்பா கடப்பாரையை விட்டு நெம்பியதும் பாறை இரண்டாகப் பிரிந்தது.

"யாருடி உங்களுக்கு இத சொன்னது?" என்றார் அப்பா.

"பூகோள புக்குலயே கீது நைனா!" என்று கத்தினேன்.

தெருவே வந்து பாறையைத் தடவிப் பார்த்தது. வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்: "நம்ம பொண்ணுங்க படிச்சி ஒடைச்சாங்க!"