பேருந்து எங்கே வருகிறது என்று சொன்ன முத்துப்பேச்சி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை தல்லாகுளம் சிக்னலில் நிற்கும்போது கைப்பேசி அடித்தது. முத்துப்பேச்சியின் தம்பி தங்கமணியின் எண். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் சத்தம். வண்டியை ஓரங்கட்டிவிட்டு எடுத்தேன்.

"அண்ணே, அக்கா போயிருச்சுண்ணே."

"எப்ப?" என்று கேட்டேன்.

"விடியக்காலம்ணே. எழுமலைக்குக் கொண்டுக்கிட்டுப் போறோம். நீங்க வாரீகளா?"

வாரேன் என்றேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன். இரண்டு முறை சிவப்பு விழுந்து பச்சை விழுந்தது.

முத்துப்பேச்சிக்கு நாற்பத்திரண்டு வயது. பதினொரு வருடம் எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தார். அவரோடு வேலை பார்த்த எங்கள் ஏழு பேருக்காகவும், சாலையிலிருந்து அவரை அழைத்துப் பேசிய ஓட்டுநர்கள், நடத்துநர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இயங்கும் சிறிய நிறுவனம். மதுரையைச் சுற்றி ஓடும் தனியார் பேருந்துகள் இந்த நிமிடம் எங்கே வருகின்றன என்பதைப் பயணிகளின் கைப்பேசியில் காட்டுவது எங்கள் வேலை. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பேருந்தின் கூரையில் இருக்கும் ஜிபிஎஸ் ஓர் இடத்தைச் சொல்லும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும் கருவி வேறோர் இடத்தைச் சொல்லும். நடத்துநரின் டிக்கெட் மெஷின் இன்னோர் இடத்தைச் சொல்லும். மூன்றும் ஒத்துப்போன ஒரு நாளை நான் பார்த்ததே இல்லை. மூன்றையும் வைத்துக்கொண்டு உண்மையான இடத்தைக் கணிக்கும் கணக்கை எழுதத்தான் முத்துப்பேச்சி வந்து சேர்ந்தார்.

வந்த முதல் வாரத்தில், மூன்றுக்கும் சராசரி எடுத்தால் போதாதா என்று கேட்டேன். சிரிக்காமல் பதில் சொன்னார்: "சராசரி எடுத்தா மூணு பொய்யும் சேர்ந்து நாலாவதா ஒரு பொய்யாயிரும்ணே. எது எந்த எடத்துல பொய் சொல்லுதுன்னு மொதல்ல பாக்கணும்."

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். என் அப்பா நீதிமன்றத்தில் எழுத்தர். நான் நகரத்துப் பள்ளியில் படித்தவன். முத்துப்பேச்சியின் அப்பாவும் அம்மாவும் எழுமலைப் பக்கம் பிறர் வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அவர் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். இந்தப் பெண் எனக்கு என்ன சொல்லித் தருவது என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது.

அவர் அலுவலகத்தில் உட்காராமல் மூன்று வாரம் உசிலம்பட்டி பேருந்துகளில் போய்வந்தார். கூட்டம் ஏறினால் நடத்துநர் அடுத்த இரண்டு ஊர் டிக்கெட்டையும் முன்கூட்டியே போட்டுவிடுவார், அதனால் மெஷின் எப்போதும் பேருந்துக்கு முன்னால் ஓடும் என்று கண்டுபிடித்தது அப்போதுதான். சக்கரக் கருவியின் குணம் வேறு. அது நிதானமானது, ஆனால் சிறிய தவறைக் கூட்டிக்கொண்டே போகும். ஒருநாள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஓர் ஓட்டுநரைக் கைப்பேசியில் அழைத்தார்.

"அண்ணே, பின் டயரு மாத்தினீகளா?"

"நேத்துத்தாம்மா மாத்துனோம். யாரு சொன்னா?" என்ற குரல் எங்களுக்கே கேட்டது. புது டயர் தேயாதது, சுற்றளவு கூடியது. அதே தூரத்துக்குச் சுற்று குறைந்திருக்கிறது. அந்தச் சிறு வித்தியாசத்தை அவர் எண்களிலேயே பார்த்துவிட்டார். அன்று முதல் அந்த ஓட்டுநர் அவரை "டயர் டாக்டரு" என்றுதான் கூப்பிடுவார்.

கணக்கு முடிந்ததும் திரையில் பேருந்து ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் வேண்டும் என்றார் முத்துப்பேச்சி. பேருந்து இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறது என்று பொருள். நம்பிக்கை கூடினால் வட்டம் சுருங்கும், சந்தேகம் கூடினால் விரியும். நானும் அப்படியே வரைந்து கொடுத்தேன். பேருந்து முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. "எங்க வண்டி எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியாதா?" என்று கேட்டார்கள். எங்கள் நிறுவன முதலாளி வட்டத்தை எடுக்கச் சொன்னார். முத்துப்பேச்சி விடுப்பில் இருந்த ஒரு நாளில் எடுத்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாருண்ணே எடுத்தது?"

"நான்தாம்மா. முதலாளி சொன்னாரு."

"தெரியாததத் தெரிஞ்ச மாதிரி காட்டுறதுக்கு நான் எதுக்கு?"

அதன்பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் வேலையைத் தவிர வேறு எதுவும் என்னோடு பேசவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டை எப்போதும் என் மேசையில் பங்கு வைப்பவர், தனியாகச் சாப்பிட்டார்.

அந்த மாதத்தின் கடைசியில், ஒரு பிற்பகலில் தங்கமணி அழைத்தார். அவர்கள் அப்பாவுக்குச் சில காலமாக ஞாபகம் தவறிக்கொண்டிருந்தது. அன்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, உசிலம்பட்டியில் மதுரைப் பேருந்தில் ஏறியிருக்கிறார். பார்த்த டீக்கடைக்காரர் பேருந்தின் பெயரையும் சொன்னார். எங்கள் திரையில் ஓடும் பேருந்துதான். ஓட்டுநர் எடுக்கவில்லை, நடத்துநரின் கைப்பேசி அணைந்திருந்தது. கையில் விலாசமில்லாத பெரியவர் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டால், பிறகு எங்கே போய்த் தேடுவது?

நான் திரையைப் பார்த்தேன். புள்ளி செக்கானூரணியில் நின்றிருந்தது. "இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல ஆகும்மா. பதறாத, நிதானமாப் போலாம்," என்றேன்.

முத்துப்பேச்சி என் திரையைப் பார்க்கவே இல்லை. தன் கணினியில் மூன்று கருவிகளின் எண்களையும் தனித்தனியாகத் திறந்தார்.

"ஜிபிஎஸ் செத்துப்போச்சுண்ணே. கடைசி எடத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருக்கு, புள்ளியும் அத நம்பி அங்கயே நிக்குது. சக்கரம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. டிக்கெட்டு நாகமலை புதுக்கோட்டையில போட்டதோட நின்னுருச்சு, அதுக்கப்புறமும் சக்கரம் நெறைய ஓடியிருக்கு. வண்டி காளவாசலுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கணும். ரெண்டு கிலோமீட்டர் முன்னப்பின்ன இருக்கலாம். ஆரப்பாளையத்துக்குப் பக்கத்துல வந்துருச்சு. கெளம்புங்க."

என் வண்டியில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நாங்கள் ஆரப்பாளையம் போய்ச் சேர்ந்தபோது பேருந்து நின்று, எல்லாரும் இறங்கி முடிந்திருந்தது. வெளியே போகும் வாசலுக்குப் பத்தடி தூரத்தில், மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒரு நிமிடம் ஆகியிருந்தால் சாலைக்குப் போயிருப்பார். நான் சொன்ன அரை மணி நேரத்தை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றுவரை முழுவதாக நினைத்துப் பார்த்ததில்லை.

முத்துப்பேச்சி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். பெரியவர் மகளின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எந்தூரு தாயி?"

பிடித்த கையை விடாமல் முத்துப்பேச்சி சொன்னார்: "எழுமலைப் பக்கந்தான்யா."

"அப்படியா! நமக்கும் அங்கிட்டுத்தான். எம்மக இந்த ஊர்லதான் வேல பாக்குறா. அவளப் பாக்கணும் போல இருந்துச்சு, வந்துட்டேன். கொஞ்சம் வழி காட்டுவியா?"

"வாங்கய்யா, நான் கூட்டிட்டுப் போறேன்."

பெரியவருக்குச் சூடாக ஒரு டீ வாங்கி, ஆற்றிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் குடிங்கண்ணே," என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு வேலையைத் தாண்டி அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வட்டம் இருந்திருந்தால் அது விரிந்து என்னை எச்சரித்திருக்கும். அன்று மாலையே அலுவலகத்துக்குத் திரும்பி, யாரையும் கேட்காமல் வட்டத்தைத் திரும்ப வைத்தேன். மறுநாள் முதலாளி சத்தம் போட்டார். பேருந்து முதலாளி ஒருவர் தன் மூன்று பேருந்துகளையும் எங்களிடமிருந்து விலக்கிக்கொண்டார். "விடுங்கண்ணே, அவரு வண்டி வட்டத்துக்குள்ளயே வந்ததில்ல," என்றார் முத்துப்பேச்சி. அன்று மதியம் புளிச்சோறு என் மேசைக்கு வந்தது.

அதன்பிறகு அப்பாவைத் தன்னோடு மதுரையிலேயே வைத்துக்கொண்டார். சில காலைகளில் படியேறி வரும்போதே அவர் முகம் தெளிந்திருக்கும். "இன்னைக்கு அப்பாவுக்கு என்னையத் தெரிஞ்சுச்சுண்ணே," என்பார். அந்த நாட்களில் நாங்கள் என்ன தவறு செய்தாலும் கோபப்பட மாட்டார். சொல்லாத நாட்களில் நாங்களும் கேட்டதில்லை. பெரியவர் போன வருடம் காலமானார். அதற்குச் சில மாதங்கள் கழித்து முத்துப்பேச்சிக்கு வயிற்று வலி தொடங்கியது.

ஸ்கேன் ஒன்று சொன்னது, ரத்தப் பரிசோதனை வேறொன்று சொன்னது. மருத்துவரிடம், "இதுல எத எம்புட்டு நம்பணும் டாக்டர்?" என்று கேட்டாராம். மருத்துவர் முதலில் சிரித்துவிட்டு, பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அரை மணி நேரம் விளக்கினாராம். எங்களிடம் வந்து சொன்னது இவ்வளவுதான்: "எதுவும் தீர்மானமாத் தெரியலண்ணே. தெரியிற வரைக்கும் வேலைக்கு வாரேன்." வந்தார். தீராத நோய் என்று தெரிந்த பிறகும் வந்தார். படியேற முடியாமல் போனபோதுதான் நிறுத்தினார்.

எழுமலையில் இறுதிச் சடங்கு முடிந்து திரும்பிய மறுநாள், நெடுநாள் தள்ளிப்போட்ட ஒரு வேலை என் முன்னால் இருந்தது. புதிதாக வந்திருக்கும் பேருந்துகளின் சக்கரக் கருவிகள் பழையவற்றைவிடத் துல்லியமானவை. அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று அவர் கணினி நிரலில் வைத்திருந்த எண் இப்போது பொருந்தாது. மாற்றவேண்டிய இடத்தைத் தேடிப்போனேன். அந்த எண்ணுக்கு மேலே, கணினி படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பாக, அவர் எழுதிய வரிகள் இருந்தன. இத்தனை வருடம் நான் அவற்றைப் பார்த்ததில்லை.

"இந்த எண் சரின்னு சொல்ல முடியாது. இப்போதைக்குக் கையில இருக்குறது இதுதான். இதவிட நல்லது கெடைச்சா மாத்திருங்க. எங்கிட்டக் கேக்க வேணாம். பேச்சி."

கேட்க வேண்டாம் என்று எழுதியிருந்தும், பழக்கத்தில் அடுத்த மேசைப் பக்கம் திரும்பினேன். பிறகு எண்ணை மாற்றினேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய குறிப்புகளை அழித்துச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டார்கள். மற்றதையெல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டேன். அவர் பெயர் போட்ட அந்த வரிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவ்வளவுதான்.