நாற்காலியோடு கப்பல் ஏறினேன்

இடுப்பு ஒடிந்து நடக்க முடியாத நான், நாகப்பட்டினம் கப்பலுக்காகப் பினாங்குத் துறைமுகத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள். அவர்கள் மேல் வீசிய ரப்பர்ப் பால் வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

கப்பல் ஏணி செங்குத்தாக இருந்தது. என்னை நாற்காலியோடு தூக்கக் கூலியாட்கள் வந்தார்கள்.

"அந்நிய ஆம்பளை தூக்கினா நான் ஏறவே மாட்டேன்!" என்று கத்தினேன். என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். சங்கு ஊதிவிட்டது.

தோட்டத்துப் பெண் ஒருத்தி சேலையை வரிந்து கட்டினாள். "தெனம் பால்வாளி தூக்குற தோளு இது, அக்கா. பயப்படாதீங்க."

அவளும் தோழியும் தூக்கினார்கள். பாதி ஏணியில் நாற்காலி சாய்ந்தது. அலறி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அதே வாடை, விடவே மனமில்லை.

மேல்தளத்தில் என்னை என் பாயில் இறக்கிவிட்டு, அவள் தள்ளிப் போய்ப் பாய் விரித்தாள்.

"ஏன் அங்கே?"

"உங்களுக்கு வாடை ஆகாதேக்கா."

பார்த்திருக்கிறாள். கை நீட்டி அவள் பாயை இழுத்து, என் பாயோடு சேர்த்துப் போட்டேன்.